சுட்டவர் முன்னால் நடக்கட்டும்

தாட்சாயணியை எங்கள் ஊரில் வாயாடி என்பார்கள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். தேவையில்லாமல் அவள் பேசி நான் கேட்டதில்லை. பேச வேண்டிய இடத்தில் நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம். அப்போது அவள் குரல் மட்டும் கேட்கும். அதற்குத்தான் அந்தப் பெயர்.

அவள் பிறந்தது பாகாலாவில். அவள் அப்பா, அவள் வாயில் நைனா, ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்தவர். ஆந்திர எல்லையில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் பாலசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ரங்கனைக் கட்டிக்கொண்டு வந்தாள். ரங்கனுக்குச் சர்க்கார் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் கொஞ்சம் உண்டு. அதில் வேர்க்கடலை போடுவார்கள். மற்ற நாளெல்லாம் இரண்டு பேருக்கும் ஹரிபாபுவின் கரும்புத் தோட்டத்தில்தான் வேலை. ஊரில் அவருக்குத்தான் அதிக நிலம்.

காட்டுப்பன்றி எங்களுக்கு ஓயாத தொல்லை. கூட்டமாக வந்தால் கடலைக் கொல்லையை ஏர் ஓட்டியது போல் புரட்டிவிட்டுப் போகும். ஹரிபாபு ஃபாரஸ்ட் ஆபீசில் மனு கொடுத்து பர்மிஷன் வாங்குவார். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கூப்பிடுவார். சித்தூரிலிருந்து நாகபூஷணம் வருவார், மாந்தோப்புக்காரர். ஒரு தடவை திருப்பதியிலிருந்து ரகுநந்தன் என்பவரும் வந்தார். போட்டிகளில் குறி அட்டையைச் சுட்டு மெடல் வாங்கியவராம்.

எங்கள் ஆண்கள் தகரம் தட்டிப் பன்றியைக் கிளப்புவார்கள். வந்தவர்கள் சுடுவார்கள். அடிபட்ட பன்றி கரும்புக்குள் ஓடிவிட்டால், உள்ளே போய்த் தேடுவது எங்கள் ஆண்கள். இது வழக்கம். யார் வைத்த வழக்கம் என்று ஒருவரும் கேட்டதில்லை. போன வருஷம் அப்படித் தேடப் போன வெங்கட்டின் தொடையைப் பன்றி கிழித்துவிட்டது. ரங்கனுக்கு அவன் தம்பி முறை. இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். அவனுக்குப் பிறகு கரும்புக்குள் போகிற வேலை ரங்கன் தலையில் விழுந்தது.

ரகுநந்தன் வந்த அன்றைக்கு வெயில் தாழ்ந்ததும் டிராக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரையும் நாகபூஷணத்தையும் உட்கார வைத்தார்கள். தாட்சாயணியும் நானும் டீ கொண்டு போனோம். டீயை வாங்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை. தோட்டாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"நாகபூஷணம் காரு, உங்க த்ரீ ஒன் ஃபைவ் துப்பாக்கி இல்ல, பீரங்கி. தோளை உதைக்கிற உதையில குறி எங்க நிக்கும்? என் டூ டூ தோட்டாவப் பாருங்க, குழந்தை விரல் மாதிரி. அம்பது மீட்டர்ல ஒரு ரூபா காசை அடிப்பேன்" என்றார் ரகுநந்தன்.

"காசு திரும்பி வந்து முட்டாது ரகு" என்றார் நாகபூஷணம். "நீங்க சுடறது காகிதம். பன்னிக்குத் தோலு இருக்கு, அதுக்குள்ள கொழுப்பு இருக்கு. என் தோட்டாவுக்கு முனை மெத்துன்னு இருக்கும். உள்ள போயி பூ மாதிரி விரியும். நின்ன எடத்துல சாயும். உங்க தோட்டா கொசுக்கடி."

"காதுக்குப் பின்னால வெச்சா எந்தத் தோட்டாவும் போதும். எல்லாம் குறியில இருக்கு சார்."

"பந்தெமா?"

"பந்தயம்!"

"சரி, மொதல்ல வர பன்னி உங்களுது. நான் தொட மாட்டேன்."

நான் டம்ளரை எடுக்கக் குனிந்தபோது தாட்சாயணி என் காதருகே சொன்னாள். "பந்தயம் கட்றாங்க பாத்தியாக்கா? தோத்தா யாருக்குத் தோல்வி? இவங்களுக்கா, எங்க வூட்டுக்காருக்கா?"

தகரச் சத்தம் கேட்டது. ஓடைப் பக்கமிருந்து பெரிய ஆண்பன்றி ஒன்று வெளியே வந்தது. ரகுநந்தன் குறி வைத்தார். பட்டென்று சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். பன்றி வீறிட்டுக் கத்தியது, ஒரு சுற்றுச் சுற்றியது, நேரே ஹரிபாபுவின் கரும்புக்குள் பாய்ந்தது. வரப்பிலும் தோகையிலும் ரத்தம்.

அந்த நிமிஷமே மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

"நேனு செப்பலேதா? கொசுக்கடின்னு சொன்னேனா இல்லியா?"

"கடைசி நொடியில தலையைத் திருப்பிடுச்சு சார். தோட்டா மேல தப்பில்ல."

"தப்பு இல்லாம பன்னி எங்க போச்சு? மாமியார் வூட்டுக்கா?"

சிரித்தார்கள். ஹரிபாபுவும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள், "ரங்கா, இருட்டறதுக்குள்ள உள்ள போயி பாத்துட்டு வா" என்றார். வீட்டில் உப்பு எடுத்து வரச் சொல்கிற மாதிரி சொன்னார்.

ரங்கன் கழியை எடுத்துக்கொண்டான். தாட்சாயணி குறுக்கே வந்தாள். அவன் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"போவாத."

"வுடு தாட்சா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். யாரு சுட்டாங்களோ அவங்க போவட்டும். அவரு கையில துப்பாக்கி கீது. உன் கையில இன்னா கீது? மூங்கிக் கழி."

ஹரிபாபுவுக்கு முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா பேசற? சாரு நம்ப ஊருக்கு உதவிக்கு வந்தவரு."

"உதவி பாதியில நிக்குதே, முடிக்கச் சொல்லுங்க."

ரகுநந்தன் பொறுமையாகத்தான் பேசினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "அம்மா, நான் டார்கெட் ஷூட்டர். கரும்புக்குள்ள போய்த் தேடறது எனக்குப் பழக்கமில்ல."

"இவருக்கு மட்டும் பழக்கமா சார்? பன்னிகிட்ட கிழிபடறது எங்களுக்குப் பழக்கமா?"

நாகபூஷணம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "விந்நாரா ரகு, கேட்டீங்களா? நம்ப தோட்டா போட்டிருந்தா இந்த அம்மாகிட்ட பேச்சு வாங்கற வேலையே இல்ல."

தாட்சாயணி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சிரிக்காதீங்க சார். வெங்கட்டு கால கிழிச்சது நீங்க சுட்ட பன்னி."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அது வேற விஷயம்மா. அன்னிக்கு மெத்து முனை கிடைக்கல. கெட்டி முனைத் தோட்டா, இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்துடுச்சு."

"இப்பவும் தோட்டா பேச்சுதானா? அவனை நாங்க ஆட்டோவுல போட்டு சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போம்போது நீங்க இங்க குந்திக்கினு இதையேதான் பேசிக்கினு இருந்தீங்க. ஒரு தோட்டா நல்லதுங்கறீங்க, ஒண்ணு கெட்டதுங்கறீங்க. அடிபட்ட பன்னி முன்னால யாரு போயி நிக்கறதுன்னு உங்க பேச்சுல வருதா?"

ரங்கன் கழியைக் கீழே போட்டான். மெதுவாகத்தான் போட்டான், ஆனாலும் அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. வெளிச்சம் போய்விட்டது என்று சொல்லித் துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேரும் காரில் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கரும்புக்குள் அடிபட்ட பன்றி கிடக்கிறது என்று யாரும் அந்தப் பக்கம் மாட்டுக்குத் தோகை பிடுங்கக்கூடப் போகவில்லை. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். ஹரிபாபு ரங்கனுக்கும் அவளுக்கும் வேலை இல்லை என்று சொல்லியனுப்பினார். சுட்டுவிட்டுப் போனவர்களை ஒரு வாயும் திட்டவில்லை. பயந்தது பெரிய மனிதர்கள், பழி இவளுக்கு.

காக்கைகள் கூடியதைப் பார்த்துத்தான் பன்றி செத்தது தெரிந்தது. நாற்றம் தாங்காமல் ஹரிபாபுவே ஆள் வைத்துப் புதைத்தார். ஆனால் மற்ற பன்றிகள் வருவது நிற்கவில்லை. மறுபடி நாகபூஷணத்தைக் கூப்பிட்டார், தகரம் தட்ட ஆள் கேட்டார். வெங்கட்டின் பெண்டாட்டி முதலில் மாட்டேன் என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் வீட்டு ஆண்களை அனுப்ப மறுத்தார்கள். நானும் மறுத்தேன். தகரம் தட்டுவோம், கரும்புக்குள் போவதானால் சுட்டவர் முன்னால் நடக்க வேண்டும் என்று தாட்சாயணி சொல்லியனுப்பினாள். வேறு வழியில்லாமல் ஹரிபாபு ஒத்துக்கொண்டார்.

ரகுநந்தனுக்குத் திருப்பதியில் வேலை இருந்ததாம், வரவில்லை. நாகபூஷணம் வந்தார். அன்றைக்குத் தோட்டாவைப் பற்றி ஒரு பேச்சில்லை. தூரத்தில் போன பன்றிகளை விட்டுவிட்டார். கிட்டத்தில் வந்த ஒன்றைத்தான் சுட்டார். அது கரும்புக்குள் இரண்டு சால் தாண்டி விழுந்தது. துப்பாக்கியை நீட்டியபடி அவர் முன்னால் போனார், ரங்கன் பின்னால் போனான். திரும்பி வரும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஹரிபாபு ஓடிப்போய் அவருக்குச் சால்வை போர்த்தினார். "நாகபூஷணம் காருக்கு என்னா தைரியம்! எவன் போவான் இப்படி?" என்று எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் விழாதபடி ரங்கனைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

"எங்க வூட்டுக்காரு இத்தினி நாளா போனாரே" என்று தாட்சாயணி கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. "அவரு போனா கூலி. இவரு ஒரு தடவ போனா தைரியமா?"

நாகபூஷணம் கைபேசியைப் பார்ப்பது போல் தலையைக் குனிந்துகொண்டார். ஃபாரஸ்ட் பர்மிஷன்படி பன்றியைப் புதைக்க ரங்கன் மண்வெட்டியை எடுத்தான்.

"சுட்டவரே குழியும் வெட்டட்டும்னு சொல்லிடாதடி, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று அவளைக் கும்பிட்டான்.

"அதைத்தான் யோசிச்சிக்கினு இருந்தேன்" என்றாள் அவள்.