ஆட்சேபம் சொல்லப் போன பயணம்

1987, மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு ஈப்போவில் பேருந்து ஏறினேன். பட்டர்வொர்த்துக்கு நூற்று அறுபது கிலோமீட்டர் இருக்கும். கட்டணம் ஆறு மலேசிய வெள்ளி. பினாங்கைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது உதவலாம். நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு பெண்ணின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லப் போனேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை நாங்கள் ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட்டில் குடியிருந்தோம். என் வாக்கு இன்னும் அங்கேதான் இருந்தது. மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைக்கச் சிபாரிசுக் கடிதம் கேட்டு, அங்குள்ள ஒரு கட்சிக்காரரிடம் முந்தைய மாதம் போயிருந்தேன். அந்தத் தொகுதி வாக்காளர்தான் ஆட்சேபிக்க முடியும் என்று அவர் ஒரு படிவத்தை நீட்டினார். புதிதாகப் பதிந்த ஒருத்தி, கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை என்ற ஆட்சேபம். பெயரைப் படித்தேன். சரோஜா. எங்கள் எதிர்வீட்டுப் பின்னறையில் குடியிருந்தவள். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

"விசாரணைக்கு நீங்க வந்துடணும். அவ வரமாட்டா. முடிஞ்சதும் கடிதத்த வாங்கிக்குங்க" என்றார்.

பத்து மணி. பட்டர்வொர்த் படகுத்துறை. பினாங்குத் தீவுக்கு ஃபெரியில் இருபது நிமிடம். போவதற்கு நாற்பது காசு, திரும்புவதற்கு ஒன்றுமில்லை. சில்லறையைத் தேடும்போது யாரோ என் கையைப் பிடித்தார்கள்.

"அக்கா! நீங்களா? நல்லா பூசிட்டீங்க, ஈப்போ தண்ணி லா!"

சரோஜா. தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். எனக்கும் சேர்த்து அவளே காசு கொடுத்தாள்.

"இங்க மாக் மண்டின் ஃபேக்டரில நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வரேன். ஷிப்ட் வாரத்துல அங்க கூட்டாளி ரூம்ல படுத்துக்குவேன், மத்த நாளு நம்ம கிராமாட்தான். இப்பத்தான் குடியுரிமையும் நீல ஐசியும் கெடச்சுச்சுக்கா. முப்பத்தாறு வயசுல மொத ஓட்டு! அதுக்குள்ள எவனோ என் பேர எடுக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கான். நீங்க எங்க போறீங்க?"

"அந்த ஆபீசுக்குத்தான்."

"எனக்காகவா? யாரு சொன்னதுக்கா?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "லிஸ்ட்ல உங்க பேரையும் பார்த்தேன். அக்கா நம்மள மறக்கல, ஓட்டுப் போடவாச்சும் வருவாங்கன்னு சந்தோசமா இருந்துச்சு."

ஃபெரி வந்ததும் அவளுக்கு முன்னால் நான் ஏறிக்கொண்டேன்.

பதினொன்று. தேர்தல் அலுவலகத் தாழ்வாரத்தில் காத்திருந்தோம். மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தல் நடந்த ஊர் இது. அறுபதுகளில் அந்தத் தேர்தல்கள் நின்றுபோயின. தேர்தல் ஆணையம் அமைந்தது 1957இல், நாடு சுதந்திரம் பெற்ற வருடம். நான் பள்ளி முடித்த வருடமும் அதுதான். மாமன்னர் நியமிக்கும் உறுப்பினர்கள் தொகுதி எல்லைகளை வகுத்து, பட்டியல் தயாரித்து, தேர்தலை நடத்துகிறார்கள் என்று அறிந்திருந்தேன். பட்டியலைப் பார்வைக்கு வைப்பார்கள், ஆட்சேபம் வந்தால் இருவரையும் நேரில் நிறுத்தி விசாரிப்பார்கள் என்பதும் தெரியும். நேரில் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

அதிகாரி மலாய்க்காரர். சரோஜா அடையாள அட்டையையும் வாடகை ரசீதுகளையும் மேசையில் வைத்தாள். பிறகு அவர் ஆட்சேபித்தவரின் பெயரைப் படித்தார். நான் எழுந்தேன்.

"இல்ல துவான், இவங்க எனக்குச் சாட்சி" என்று சரோஜா சிரித்தபடி மலாயில் சொன்னாள்.

அவர் படிவத்தை அவள் பக்கம் திருப்பி, என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். அவள் சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது.

"இவர் அங்கே வசிக்கவில்லை என்று புவானுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னை மரியாதையாகவே கேட்டார்.

"தெரியாது."

"புவான் இப்போது எங்கே வசிக்கிறீர்கள்?"

"ஈப்போவில்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். சரோஜாவின் பெயர் நின்றது. எனக்கு முகவரி மாற்றப் படிவம் ஒன்றைத் தந்தார்.

வெளியே வந்ததும் கட்சிக்காரரின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சரோஜா ரசீதுகளைப் பைக்குள் வைத்தாள்.

"உங்க பொண்ணு நல்லா படிக்கிற புள்ளயாச்சே. என் பேர அழிச்சுத்தான் டீச்சராகணுமாக்கா?"

கிராமாட் பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் கட்சிக்காரரிடம் போகவில்லை.

திரும்பும் ஃபெரியில் யாரும் காசு கேட்கவில்லை. மாலை ஐந்தரைக்கு ஈப்போ. மகள் வாசலிலேயே நின்றாள்.

"லெட்டர் கெடச்சுச்சாம்மா?"

"இல்ல. கேக்கல."

உள்ளே போய் முகவரி மாற்றப் படிவத்தை மேசையில் விரித்தேன். மூன்று ஆண்டுகளாக நான் வசிக்காத முகவரியில் என் பெயர் இருந்திருக்கிறது. அதைப் பட்டியலில் பார்த்தவள் ஆட்சேபம் எழுதவில்லை. சந்தோஷப்பட்டிருக்கிறாள்.