ரூபி கடிக்கவில்லை

என் மகனின் இடது கண்ணுக்குக் கீழே இருக்கும் தழும்பு நாய் கடித்து வந்ததல்ல. நான் அடித்து வந்தது.

இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. எழுதிவிட்டதால் நான் யோக்கியனாகிவிட்டேன் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். சொல்ல வேண்டியவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்களிடம் சொல்வது சுலபம், அவ்வளவுதான்.

நேற்று மாலை நீங்களும் உங்கள் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கீழ்த்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள். சின்னக் குழந்தைகள் இரண்டு. விப்பெட் நாய் ஒன்று வளர்க்க ஆசை. ஒல்லி உடம்பு, நீண்ட கால்கள், முயலைத் துரத்தப் பிறந்த இனம்... குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒத்துவருமா? இந்த அபார்ட்மெண்டில் விப்பெட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று வாட்ச்மேன் சொன்னாராம். அதனால் என்னிடம் கேட்க வந்தீர்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி கவிதா சொல்லிவிட்டாள். "வேணவே வேணாம் சார். எங்க நித்தின் மூஞ்சியப் பாருங்க!"

நித்தினும் பழகிப்போனவன்போல வந்து கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். உங்கள் மனைவி 'அய்யோ' என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன். என் பாவம் முழுவதும் ஒரு தலையாட்டலில் தொடங்கியதுதான்!

விப்பெட் வேண்டும் என்று அன்று ஆசைப்பட்டவன் நான். கவிதாவுக்கு விருப்பமில்லை. மல்லேஸ்வரத்தில் ஒழுங்கான வீட்டில் வளர்ந்தவள்; நாய் என்றால் வாசலுக்கு வெளியே என்று பழக்கம். அப்போது நித்தினுக்கு நான்கு வயது, தன்யா தவழ்ந்துகொண்டிருந்தாள். நானோ கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். கால்நடை மருத்துவர்களிடம் பேசினேன். நீதிமன்றத்தில் வாதாடுவதுபோல இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் அந்த இனத்துக்காக வாதாடினேன். குரைக்காது, முடி அதிகம் கொட்டாது, ஒரு ஓட்டம் ஓடிவிட்டு நாள் முழுக்கத் தூங்கும், குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் எழுந்து போய்விடும்...

கடைசியில் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "ஒரு மாசம் பார்க்கலாம். ஆனா புள்ளைங்க மேல ஒரு தடவை பல்லு பட்டுச்சுன்னா, அன்னிக்கே திருப்பி அனுப்பிடணும். அப்புறம் எங்கிட்ட ஆர்க்யூ பண்ணக் கூடாது."

சரி என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்!

பிரேசர் டவுனில் ஸ்டெல்லா ஆன்ட்டி என்று ஒருவர். கனடாவில் இருக்கும் மகளிடமே போய்ச் சேர முடிவு செய்திருந்தார். அவருடைய நாய்தான் ரூபி. விலை பேச வந்தவர்களையெல்லாம் விரட்டிவிட்டு, குழந்தைகள் இருக்கும் வீடாகத் தேடிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகளோடு வளர்ந்த நாய், சத்தம் இல்லாத வீட்டில் ஏங்கிப்போகும் என்றார்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. அது தூங்குறப்ப திடீர்னு மேல கை வெக்காதீங்க, பயந்துக்கும். தள்ளி நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அது கண்ணு முழிச்சதும் கிட்ட போங்க. பசங்களுக்கு இதை மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க மேன், வேற ஒண்ணுமே வேணாம்."

நித்தின் அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டான். நாலடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "ரூபீ..." என்று கூப்பிடுவான். அது ஒரு கண்ணைத் திறக்கும். வாலின் நுனி மட்டும் ஆடும். அதன் பிறகுதான் பக்கத்தில் போவான். தன்யா தவழ்ந்து வந்தால் ரூபி எழுந்து சோபாவில் ஏறிக்கொள்ளும். தூறல் போட்டாலே நடுங்கும். கவிதாதான் அதற்கு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள்... ஆமாம், கவிதாதான்! வேண்டாம் என்றவளே மாலையில் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு போனில் பேச ஆரம்பித்திருந்தாள்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஒத்துவரும். எங்கள் வீட்டில் ஒத்துவந்தது. ஒத்துவராதவன் நான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வேலை போன கோபத்தை எங்கள் முதுகில் தீர்த்துக்கொண்டவர். பெல்ட்டின் சத்தம் இன்னமும் காதில் இருக்கிறது. என் பிள்ளைகள் மேல் கை வைக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். அதோடு விட்டேனா? அதைப் பெருமையாகப் பேசித் திரிந்தேன். பிள்ளையை அடிக்கும் அப்பாக்களை லிஃப்டிலேயே மடக்கிப் புத்தி சொன்னேன். அபார்ட்மெண்ட் விழாவில் மைக் பிடித்து அரைமணி நேரம் பேசினேன், கைதட்டினார்கள். கவிதா என்னைக் கட்டிக்கொண்டதற்கே அந்தச் சத்தியம்தான் காரணம் என்று தன் தோழிகளிடம் சொல்லுவாள்.

இவ்வளவு உயரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவன் எப்படி இறங்குவான், சொல்லுங்கள்?

அந்த மாதம் முடியப்போகும் சமயம். மதியம். வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்கில் என் மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். நித்தின் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். தள்ளிவிட்டேன். மறுபடியும் வந்தான். ஹெட்போன் ஒயரை இழுத்தான்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புறங்கையால் ஓங்கி வீசினேன். விரலில் கல் வைத்த மாப்பிள்ளை மோதிரம். கல்லைப் பிடித்திருக்கும் கம்பி ஒன்று தூக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். தட்டானிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

மைக் மியூட்டில் இருந்தது. கேமரா அணைந்திருந்தது. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது...

பையன் முதலில் அழவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். கண்ணுக்குக் கீழே ஒரு கோடு. அதிலிருந்து ரத்தம். பிறகுதான் வீறிட்டான். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ரூபி பதறி எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்றது.

குளியலறையில் தன்யாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த கவிதா, சோப்பு நுரையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நிற்கும் நாயைப் பார்த்தாள்.

"கடிச்சிடுச்சா?"

என்னைத்தான் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு சொல்கூடச் சொல்லவில்லை! பிற்பாடு பல நாள் அதையே சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்... நான் பொய் 'சொல்லவில்லை', தலையைத்தான் அசைத்தேன் என்று. எவ்வளவு கேவலமான தேறுதல்!

ஆட்டோவில் நித்தின் "அப்பா... அப்பா..." என்று விக்கினான். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் என்னைத் தேடுகிறான் என்று கவிதா நினைத்தாள். அவனைத் தூக்கி என் மடியிலேயே வைத்தாள்.

ஆனால் என்னுடைய உண்மையான குற்றம் இதுவரை சொன்னது அல்ல. கோபத்தில் கை நீண்டுவிட்டது, பயத்தில் தலை ஆடிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்ததற்கு என்ன சமாதானம் சொல்வேன்?

கிளினிக்கில் டாக்டரம்மா காயத்தைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தார். "ஒரே ஒரு கோடுதானே இருக்கு. நாய் பல்லு இப்படிப் படாதே... நகமா? இல்ல வேற எதுலயாவது இடிச்சுக்கிட்டானா? யாரு பார்த்தது?"

"நான்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். முகத்துல இருக்கு. நாய் கடிதான்னா, அதுக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். காயத்தைச் சுத்தியே ஊசி போடணும். பையனுக்கு ரொம்ப வலிக்கும்."

பொய்யிலிருந்து வெளியே போக அவரே ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. நான் போகவில்லை.

"பல்லுதான் டாக்டர். என் கண்ணால பார்த்தேன்."

அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். நான் கீறிய கோட்டைச் சுற்றி, நாய் விஷத்துக்கான ஊசியை, என் பிள்ளையின் கன்னத்தில், என் கைகளுக்கு நடுவில் வைத்தே போட்டார்கள். அவன் அலறியது தெருவுக்கே கேட்டிருக்கும். அந்த அலறலை நிறுத்த என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு "ஒண்ணுமில்லடா கண்ணு, முடிஞ்சிடுச்சு" என்று கொஞ்சினேன்!

முடியவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் கையில் வேறு ஊசிகள். ஒவ்வொரு தடவையும் நான்தான் கூட்டிப்போனேன். ஒரு தடவை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கடிச்சது ரூபி. ஊசி எனக்கா?"

அதற்குள் அவனும் 'கடிச்சது ரூபி' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டதைக் கவனித்தீர்களா? வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கவிதா அந்தக் கதையைச் சொன்னாள். பாட்டிகள் சொன்னார்கள், டீச்சர் சொன்னார். நான்கு வயது மனதில் எது நிற்கும்? நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு ஒரு ஞாபகத்தை ஊட்டிவிட்டோம். உண்மை எப்போது அவனைவிட்டுப் போனது என்று எனக்குத் தெரியாது. அது போன அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். அன்று மதியம் அவன் எதற்காக என் ஒயரைப் பிடித்து இழுத்தான் என்று தெரியுமா? கிளினிக்கிலிருந்து திரும்பி வந்தபோது பார்த்தேன். ரூபியின் தண்ணீர்க் கிண்ணம் என் நாற்காலிக்குக் கீழே கிடந்தது. காலியாக. அவன்தான் அதை எடுத்து வந்திருக்கிறான்.

பேச்சு பேச்சாக இருக்க வேண்டுமல்லவா? பல் பட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினேன். ஸ்டெல்லா ஆன்ட்டி நம்பவில்லை. "ரூபியா? கடிச்சுதா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். பிறகு நித்தினுக்காக என் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். அவருக்கு விமானம் ஏறும் நாள் நெருங்கிவிட்டது. குழந்தையைக் கடித்த நாய் என்று தெரிந்த பிறகு எந்த வீட்டில் வாங்குவார்கள்? மறைத்துக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவருக்கு வரவில்லை, பாருங்கள்!

இடம் தேடும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். பெரிய உபகாரி! ஊருக்கு வெளியே, ஹொஸ்கோட்டே தாண்டி ஒரு தோட்டம். விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆள் முகம் மலர்ந்தான். "கடிக்குமா? கடிக்கிற நாய்தான் சார் நமக்கு பேக்கு, அதான் வேணும்!" மோட்டார் அறைப் பக்கத்தில் சங்கிலியால் கட்டினான். நான் காரை எடுக்கும்போது ரூபி வாலின் நுனியை ஆட்டிக்கொண்டு நின்றது. ஸ்வெட்டரை அதற்குப் போட்டுவிட மறந்திருந்தேன். பின்சீட்டில் கிடந்தது. திரும்பிப் போய்க் கொடுத்திருக்கலாம்... போகவில்லை.

குளிர்காலத்தில் அந்த ஆள் போன் செய்தான். கோபமாக இருந்தான்.

"என்ன சார் இப்படி ஏமாத்திட்டீங்க? அது கடிக்கவே கடிக்காது. திருடன் வந்தாலும் குரைக்காது. சும்மா நடுங்கிக்கிட்டே கிடந்துச்சு. நேத்து செத்துப்போச்சு. பொய் சொல்லித் தலையில கட்டிட்டீங்களே!"

இந்த உலகத்தில் நான் பொய்யன் என்று என்னிடமே சொன்ன ஒரே மனிதன் அவன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவனிடம்! ஸ்டெல்லா ஆன்ட்டி கனடாவிலிருந்து எப்போதாவது கேட்பார். தோட்டத்தில் ஓடி விளையாடுகிறது என்பேன்.

கவிதாவிடம் சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். அடித்ததை அவள் பொறுத்துக்கொள்ளக் கூடும். ஊசி போடப் பிடித்துக்கொண்டதை எந்தத் தாய் பொறுப்பாள்? அங்கேயே பேச்சை மாற்றிவிடுகிறேன். என் அப்பா அடித்தார். அடித்தேன் என்று ஊரறியச் சொன்னார். நான் அவரைவிடக் கீழானவன் என்று எழுதுவதற்குக் கூச்சமாக இல்லை. உண்மைக்கு என்ன கூச்சம்?

நித்தின் இப்போது நாய் நிற்கும் தெருவில் நடக்கமாட்டான். தெருநாய் தூரத்தில் வந்தாலே உடம்பு விறைத்துப்போகும். தூங்கும் நாயைக் கூப்பிட்டு எழுப்பக் கற்றுக்கொண்ட அதே பையன்தான்.

இதை இன்று காலையே உங்களுக்கு எழுதி அனுப்ப நினைத்தேன். அதற்கு முன்னால் கேட் பக்கத்தில் ஸ்கூல் வேனுக்காக நின்றிருந்தோம். உங்கள் மூத்த மகளும் தனியாக வந்து நின்றாள். எதிர்ச்சாரியிலிருந்து பழுப்பு நாய் ஒன்று எங்களைப் பார்த்து வந்தது. நித்தின் சட்டென்று என் வலது கையைப் பற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் ஒண்டினான். பிறகு அவளையும் கூப்பிட்டான்.

"இங்க வா, எங்க அப்பா பக்கத்துல நின்னுக்கோ. ஒண்ணும் ஆகாது. என்னை நாய் கடிச்சப்ப எங்க அப்பாதான் அது வாயிலேர்ந்து இழுத்துக் காப்பாத்துனாரு!"

இழுத்துக் காப்பாற்றியது... இதை நான் சொல்லித்தரவில்லை. கவிதாவும் சொன்னதில்லை. அவனாகவே எனக்காகச் சேர்த்துவைத்திருக்கிறான்.

உங்கள் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நம்பிவிட்டாள். ஓடிவந்து என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேன் வரும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.