படத்துக்குப் பின்னால் இருந்த கடிதம்

என்னைப் பெற்ற நைனாவும் அவர் அண்ணனான பெரியப்பாவும் ஒரே பட்டாளத்தில் இருந்தவர்கள். பெரியப்பா எல்லையில் இறந்துபோனார். இருவரைப் பற்றியும் எழுதிவைக்க ஆசைப்பட்டு, திருப்பதியிலிருந்து லீவு போட்டுக் குடிபாலாவில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போனேன்.

"பெரியப்பா படத்த மட்டும் கழட்டாத" என்றார் நைனா.

அவர் கழனிக்குப் போனதும் கழற்றினேன். ஸ்கேன் எடுக்கச் சித்தூர் கடையில் சட்டத்தைப் பிரித்தபோது, ராணுவ அதிகாரி எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்று விழுந்தது.

'தாய் சாகக் கிடப்பதாகத் தந்தி வந்தது. ஒருவருக்குத்தான் லீவு தர முடிந்தது. அண்ணன், தம்பியை அனுப்பிவிட்டு, தம்பியின் காவல் முறைக்கும் தானே நின்றார். அங்கேதான் குண்டு பட்டது.'

ஆனால் அவர்களுடைய தாயான என் ஆயா, நான் பள்ளிக்கூடம் போகும்வரை திடமாக இருந்தவர்.

வீட்டுக்குத் திரும்பினேன். நைனா சுவரில் இருந்த வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆயாவுக்கு அப்ப என்னா ஒடம்பு, நைனா?"

"ஒண்ணுமில்ல. லீவுக்காக நான்தான் பொய்த் தந்தி குடுக்கச் சொன்னேன். எனக்குப் பொண்ணு பாத்துக்கினு இருந்தாங்க. அந்த லீவுலதான் ஒங்கம்மாவப் பாத்தேன்."

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. 'அம்மாவ நல்லா பாத்துக்கடா'ன்னு சொல்லி ரயில் ஏத்திவுட்டான்."

சமையலறையில் அம்மாவின் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். நோட்டில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த லீவு கிடைக்காமல் போயிருந்தால் நான் பிறந்தே இருக்க மாட்டேன். இதை நான் எப்படி எழுதுவேன்?