நான் பச்சையடித்த கால்வாய்

புலம்பெயர்ந்த தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், அழைப்பிதழ் அச்சிடும் கடையில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், கால்வாய் நீரின் மாசை ஆராயும் குழு ஒன்றுக்கு, சம்பளம் வாங்காமல் தமிழ்த் துண்டுப்பிரசுரம் செய்துகொடுத்தேன். மீன் பிடித்து உண்ணக்கூடாத இடங்களை வரைபடத்தில் காட்டவேண்டும். சிவப்பு கண்ணைக் குத்தியது. அழகுக்காகப் பச்சை போட்டேன். குழுவினர் தயங்கியபோது, கீழே சிறிய எழுத்தில் விளக்கம் இருக்கிறதே என்று சமாளித்தேன். அச்சடித்ததைத் தமிழ்க் கடைகளில் வைக்கக் கொடுத்தேன்.

அடுத்த வாரம், மகளின் பிறந்தநாள் அழைப்பிதழுக்காக பக்கத்து ஊரான ஒபர்வில்லியேயிலிருந்து வந்த அண்ணை ஒருவர் அந்தப் பிரசுரத்தைக் கையில் எடுத்தார்.

"நல்ல வேலை தம்பி. இதைப் பாத்துத்தான் இந்தப் பச்சை இடத்திலை காலமை மீன் பிடிச்சனான். மனுசி இப்ப குழம்பு வைக்கிறா."

பேசாமல் இருந்தால் என் பிழை யாருக்கும் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தேன்.

"அண்ணை, அது பிடிக்கக்கூடாத இடம். பிழை என்ரை. உடனை வீட்டுக்குக் கோல் எடுங்கோ."

நான்கு முறை மணி அடித்தும் பதில் இல்லை. ஐந்தாவது முறை அவர் மனைவி எடுத்தார்.

"பிள்ளை சாப்பிட்டிட்டாளோ?" என்று கத்திய அண்ணை, பதிலைக் கேட்டுக் கதிரையில் சாய்ந்தார். "இல்லையாம். இப்பதான் சோறு போடுறாவாம்."

திட்டுவார் என்று நின்றேன். "எந்தெந்தக் கடையிலை குடுத்தனீ? வா, திருப்பி எடுப்பம்" என்று எழுந்தார்.

இருவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். பதினொரு பிரசுரங்கள் கிடைக்கவேயில்லை.

இப்போது எதை அச்சுக்கு அனுப்பும் முன்னும், கடைக்கு வந்த யாரிடமாவது காட்டி, "இதைப் பார்க்க உங்களுக்கு என்ன விளங்குது?" என்று கேட்கிறேன். பதில் வரும்வரை அந்தப் பதினொரு பிரசுரங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.