ஏழு மணிக்குக் கட்டிய கை

1

ஓய்வுபெற்ற தாதியான என்னை வீடுகளில் இரத்த அழுத்தம் அளக்கும் ஓர் ஆராய்ச்சிக்குக் களப்பணியாளராக எடுத்த முதல் நாளே, இணைப்பாளர் ஒரு பிறஷர் மெஷினை என் கையில் கட்டினார். திரும்பத் திரும்ப அழுத்தினார். ஏறக்குறைய ஒரே எண்தான் வந்தது.

"பாத்தியளே அக்கா, பிசகாது. சனம் காலமை ஏழு மணிக்குக் கட்டினால் சரி. மெஷின் போனுக்கு அனுப்பும், போன் எங்களுக்கு அனுப்பும். எழுதிற வேலையே இல்லை."

காலமெல்லாம் எழுதியே நொந்துபோன எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

2

சண்டிலிப்பாயில் எனக்குக் கிடைத்த வீடுகளில் புகையிலைத் தோட்டக்காரர் தியாகு அண்ணையின் வீடுதான் திறம். மற்றவர்களின் அளவு ஏறும், இறங்கும், சில நாள் வரவே வராது. அவருடையது ஒரு நாளும் தவறவில்லை. போனில் தெரியும் கோடும் நேராகவே போனது. இணைப்பாளர் கூட்டங்களில் அந்தக் கோட்டைத்தான் திரையில் போடுவார். "டேட்டா எண்டால் இப்பிடி இருக்கோணும்" என்பார். எனக்கும் உச்சி குளிரும்.

கிளினிக்கில் அளந்தால் மட்டும் அண்ணைக்குப் பிறஷர் கூடவாக இருந்தது. டொக்டர் போனை வாங்கிப் பார்த்தார்.

"வீட்டிலை ஒவ்வொருநாளும் பாக்கிறனிங்களோ?"

"ஓம் டொக்டர். மனிசி ஒருநாளும் விடுறேல்லை."

"அப்ப எங்களைக் கண்டுதான் பயப்பிடுறியள்" என்று சிரித்துக்கொண்டு டொக்டர் பிறஷருக்குப் போடும் குளிசையைக் குறைத்தார். அண்ணையும் சிரித்தார். குளிசை குறைந்தால் யாருக்குத்தான் சந்தோசம் இல்லை?

3

சில மாதங்களில், தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றவர் அப்படியே விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

செய்தி கேட்டு மறுநாள் காலை வீட்டுக்குப் போனேன். அண்ணை ஆசுப்பத்திரியில். அவருக்கு உடுப்பு எடுக்க மனைவி மங்கை வந்திருந்தார். சாரங்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஏழு மணி. மங்கை அழுதுகொண்டே மெஷினை எடுத்தார், தன் இடக்கையில் கட்டினார், அழுத்தினார். வழமையான எண்ணே வந்தது. போனில் தியாகு அண்ணையின் பெயருக்குக் கீழே பச்சைச் சரி விழுந்தது.

"மங்கை, என்ன செய்யிறீர்?"

"அவர் விடிய முன்னமே இறைக்கப் போயிடுவார் மிஸி. போன் ஏழு மணிக்குத்தானே அடிக்குது. நீங்கள் வெயிலுக்குள்ளை வந்து கேட்டனிங்கள். வெறுமையா விட்டால் உங்களுக்கு ஏச்சு விழுமெண்டு நான்தான்..."

யாரை ஏசுவது? போன் நேரத்தைப் பார்த்தது, பற்றரியைப் பார்த்தது. கை யாருடையது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு எத்தனையோ தரம் போன நானும் கேட்கவில்லை.

அன்றே இணைப்பாளரிடம் சொன்னேன்.

"கவலைதான் அக்கா. அந்த வீட்டை எடுத்துவிடுவம்."

"மற்ற வீடுகள்?"

"அதை இப்ப எப்பிடி அக்கா பாக்கிறது? அறிக்கையும் போயிட்டுது."

மற்ற வீடுகள் அப்படியே இருக்கின்றன. நினைத்தால் நித்திரை வருவதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. ஒரே அளவு திரும்பத் திரும்ப வந்தால் அது சரியான அளவு என்று நம்பிவிடாதீர்கள். அளக்கிற நேரத்தில் ஒருதரமாவது அந்த வீட்டில் போய் நில்லுங்கள். இதனால் யாருக்காவது நன்மை வருமா தெரியாது. தியாகு அண்ணைக்கு வராது.

மெஷினைத் திருப்பி வாங்கப் போனபோது அவர் ஆசுப்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, கட்டிலில் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். மங்கை மெஷினைத் தரவில்லை.

"இருக்கட்டும் மிஸி. இனி ஏழு மணிக்கு அவர் வீட்டிலைதானே. அவரின்ரை கையிலையே கட்டி அனுப்புறன்."