நெரிஸ் அக்காவின் நெருப்பும் என் கல்லும்

ஹனோவரில் டிராமுக்கு நின்றுகொண்டிருந்தபோது கூட வேலை செய்யும் சுகந்தி அழைத்தாள். "அக்கா, எங்கட நெரிஸ் அக்கா மோசம் போயிட்டா. நித்திரையிலயே உயிர் போயிட்டுதாம்." எனக்கு அழுகை வரவில்லை. வந்த டிராமில் ஏறாமல் நின்றேன். இந்த வருடம் நானல்லவா போயிருக்க வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவரோடு வேலை செய்த நம்மவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நெரிஸ் அக்கா வேல்ஸ் நாட்டுக்காரர். அங்கே அக்டோபர் கடைசி நாளோடு குளிர்காலம் பிறக்கிறது. அன்றிரவு ஆவிகள் உலாவுமாம். நெருப்பு மூட்டி, ஒவ்வொருவரும் வெள்ளைக் கல்லில் தம் பெயரை எழுதிப் போடுவார்கள். விடிந்ததும் சாம்பலைக் கிளறுவார்கள். எவருடைய கல் இல்லையோ, அவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுவார் என்பது நம்பிக்கை. நெரிஸ் அக்கா தன் தோட்டத்தில் இதை வருடாவருடம் விளையாட்டாகச் செய்தார். வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸில் சூப்பும் வைத்துத் தருவார். நாங்கள் அதில் மிளகாய்த்தூளைக் கொட்டுவதைப் பார்த்து, "உங்களுக்கு நாக்கு எண்டு ஒண்டு இருக்கோ?" என்று கேட்பார். அவர் பேசியது ஜெர்மன்தான். எனக்கு எங்கள் தமிழில்தான் ஞாபகம்.

சென்ற வருடம் தோட்டத்துக் கற்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஆற்றங்கரையிலிருந்து வழவழப்பான ஈரக்கல் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு போனேன். நெருப்பில் போட்ட கொஞ்ச நேரத்தில் அது பட்டென்று வெடித்தது. எல்லோரும் சிரித்தோம். "ஆத்துக்கல்லுக்குள்ள ஈரம் நிக்கும், வெடிக்காமல் என்ன செய்யும்?" என்றார் என் கணவர். காலையில் கிளறினோம். மற்றவர்களின் கற்கள் எல்லாம் கிடந்தன. என் பெயரைக் காணவில்லை. நெரிஸ் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, திரும்பத் திரும்பக் கிளறினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஊரில் யுத்தத்தில் செல்லடிக்குள் ஓடித் தப்பியவள் ஒரு கல்லுக்குப் பயப்படுகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? ஆகவே வீட்டில் மூச்சுவிடவில்லை. தலையிடித்தாலும் நெஞ்சு குத்தினாலும் இதுதான் அது என்று நடுங்கினேன். ஒருநாள் சமையலறையின் குளிர் அறைக்குள் நின்று அழுததை நெரிஸ் அக்கா கண்டுவிட்டார். "பயத்தை வாய்க்குள்ள பூட்டி வைக்காதேங்கோ. எனக்கும் பயமாத்தான் கிடக்கு. ரெண்டு பேருமாச் சேர்ந்து பயப்படுவம்," என்றார்.

அன்றுமுதல் வீதியைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். வைத்தியரைப் பார்க்க டெர்மின், அதாவது நேரம், எடுத்து, கூடவே வந்து உட்கார்ந்திருப்பார். என் பெயரைக் கூப்பிட்டால் அவருக்குத்தான் முகம் வெளுக்கும். எனக்கு ஒன்றுமில்லை என்றார் வைத்தியர். என்னை இப்படி வைத்தியரிடம் காட்டித் திரிந்த மனுஷி தன்னை ஒரு வைத்தியரிடமும் காட்டவில்லை.

"உனக்குப் பதிலா அவ போயிட்டா, இனிப் பயமில்லை," என்கிறார்கள் சிலர். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்த வருடமும் இன்னும் முடியவில்லை.

அவருடைய தோட்டத்தில் இந்த முறையும் நெருப்பு மூட்டப் போகிறோம். நெரிஸ் அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, பயத்தை வாய்க்குள் பூட்டி வைக்காதே என்ற அந்தச் சொல் ஒன்றுதான். கணவருக்குக்கூடச் சொல்லாததை இன்று உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்: எனக்குப் பயமாக இருக்கிறது. விடிந்ததும் சாம்பலைக் கிளற யாராவது என்னோடு வாருங்கள்.