ஒற்றை டிக் விழுந்த மத்தியானம்

பேய், பிசாசு, சாமி இறங்குவது எதையும் நம்பாதவள் நான். ஈப்போவில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், பவர் மாற்ற வேண்டும் வாங்க என்று கிண்டல் செய்வேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வராது, நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

எங்கள் எஸ்டேட் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை நட்டபோது குடும்பங்கள் சிதறிப்போயின, நான் அப்போது கைக்குழந்தை. வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூடுவதற்காகத்தான் அந்தக் குழு. சேகர் அதில்தான் பழக்கமானார். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை, மனைவி இறந்து சில வருஷம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வேல் படம். குழுவில் யார் என்ன கேட்டாலும் ‘ம்’, ‘சரி’ என்று மட்டும் போடுவார், தலைக்கனம் பிடித்த ஆள் என்றுதான் நினைத்தேன். தனியாக எழுத ஆரம்பித்த பிறகு பார்த்தால், அங்கே மழை பெய்தால்கூட எனக்குச் சொல்கிற மனிதர். பார்க்காமலே அவருக்கு ஒரு உயரம், ஒரு நடை எல்லாம் நான் கொடுத்துவிட்டேன்.

ஒருமுறை வீடியோவில் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. என் வலது கன்னம் முழுக்க வெண்புள்ளி. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனது அதனால்தான். என் படத்தில் இடது பக்கம் மட்டும்தான் தெரியும். அதன்பிறகு அவரும் கூப்பிடவில்லை.

வீடியோவை எடுக்காதது நான்தான் என்று அண்ணனுக்குத் தெரியாது. “மூஞ்சிய காட்டாதவன எப்படி நம்புற? லவ் ஸ்கேம் லா இது. திருவிழாவுக்கு வரச் சொல்லு, வரலன்னா பிளாக் பண்ணிரு” என்றார். ஒத்துக்கொண்டேன். பிளாக் செய்துவிட்டால் பேசுவதற்கு எனக்கு யாருமே இல்லை என்று தெரிந்துதான் ஒத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று மத்தியானம், ‘கோயில்ல நிக்கிறேன், வாங்க’ என்று அவரிடமிருந்து செய்தி. நானும் கோயிலில்தான் நிற்கிறேன், தாமான் வீடுகளுக்குப் பக்கத்தில் சாலையோரமாக இருக்கிற கோயில். பந்தல், அன்னதான வரிசை, செருப்பு விடுகிற இடம், எங்கேயும் ஆளைக் காணோம். ‘எங்கே?’ என்று கேட்டேன், ஒற்றை டிக், செய்தி போய்ச் சேரவில்லை. மறுபடியும் கேட்டேன், ஒற்றை டிக்தான். அண்ணன் சோற்றுத் தட்டோடு வந்து என்னைப் பார்த்துவிட்டு, என் போனைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனார். பிளாக் என்று வருகிற இடத்துக்கு விரலைக் கொண்டுபோய்விட்டேன்.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் துணிக்கட்டு, பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்களின் உடுப்பு. திருவிழாவுக்கு இப்படியா வருவார்கள் என்று நினைக்கும்போதே ரப்பர் பால் நாற்றம் குப்பென்று அடித்தது, நம்பினால் நம்புங்கள், அந்தப் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது.

“பழைய கோயில்ல நிக்கிறான்மா, செம்பனைக்குள்ள. லைன் வந்து வந்து போயிரும் அங்க. போ, நின்னுக்கிட்டு இருக்காத.”

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்குக் கோயில் என்றால் பழைய இடம்தான். அம்மனைச் சாலைக்குக் கொண்டுவந்த பிறகும் முதல் சூடத்தை அங்கே மரத்தடிக் கல்லுக்குத்தான் ஏற்றுவார்கள். ஈப்போவில் வளர்ந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. நன்றி சொல்லத் திரும்பினால் அந்தப் பெண்ணைக் காணோம், கூட்டம்தானே என்று அண்ணனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

கல்லுக்குப் பக்கத்தில் ஒருவர், நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளமாக, வழுக்கையோடு, பாதி குடித்த தண்ணீர் போத்தலோடு நின்றார். நிஜமாகவே ஒரு ஆள். வந்த நிம்மதியில் மோட்டாருக்கு ஸ்டாண்ட் போடக்கூட மறந்துவிட்டேன். என் முகத்தை நேராகப் பார்த்தார், கண்ணை எடுக்கவில்லை.

“கெளம்பிட்டேங்க. நீங்கதான் ஏமாத்திட்டீங்கன்னு நெனச்சேன். ஒரு அக்கா வந்து நிறுத்தி வச்சாங்க, தலையில துணி கட்டிக்கிட்டு, மரம் வெட்டப் போறவங்க மாதிரி. இப்பதான் போறாங்க.”

உள்ளே வர ஒரே பாதைதான். வழியில் யாரும் எதிரே வரவில்லை.

“என்ன சொன்னாங்க?” என்றேன்.

போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். “‘என் கன்னத்த பாத்து நீங்களும் மொகத்த திருப்பிக்கிட்டா, இனிமே நான் யாரையும் பாக்க மாட்டேன்.’ நீங்க சொல்லச் சொன்னதா சொன்னாங்க. நான் திருப்பிக்கலல்ல?”

நான் யாரிடமும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. அதை முந்தின நாள் அவருக்கு எழுதினேன், அதே வார்த்தைகள். அனுப்பப் பயந்துபோய் ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டேன்.

கல்யாணமாகி இப்போது தஞ்சோங் மாலிமில் இருக்கிறோம், சந்தோஷமாகவே இருக்கிறோம். அந்தப் பெண்ணைப் பற்றிக் குழுவில் விசாரித்தோம், யாருக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் நான் எதையும் எழுதி அழிப்பதில்லை, அப்படியே அனுப்பிவிடுகிறேன். எப்படியும் யாரோ படித்துவிடுகிறார்கள்.